குத்துச்சண்டையைக் கெடுப்பது யார்? ரசிகர்களா, ப்ரோமோட்டர்களா, திருட்டு ஸ்ட்ரீமா?

#1 பத்தாவது_ரவுண்டு

பெரிய சண்டை வரும்போதெல்லாம் இதே கதைதான். முதல் மணி அடிக்கும் முன்பே "லிங்க் இருக்கா?" என்று ஒரு கூட்டம் கிளம்பும். மறுநாள் சண்டையை ஏற்பாடு செய்து விற்கும் ப்ரோமோட்டர் யாராவது ஒருவர் கேமரா முன் நின்று, திருட்டு ஸ்ட்ரீம் இந்த விளையாட்டையே அழிக்கிறது என்று பொங்குவார். உடனே ரசிகர்கள், "நீ வைக்கிற விலைக்கு வேறென்ன செய்வது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். இதை ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

என் கணக்கில் முதல் குற்றவாளி ப்ரோமோட்டர்கள். அடுத்தது ரசிகர்களாகிய நாம். திருட்டு ஸ்ட்ரீமுக்கு அதற்கும் கீழேதான் இடம்.

மேவெதர், பக்கியாவோ சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-லேயே பேச்சு தொடங்கியது. இரத்தப் பரிசோதனை எப்போது, எப்படி என்பதில் முறிந்தது. அப்புறம் சண்டை நடந்தது 2015 மே 2 அன்று. இடையில் மார்க்கெஸ் அடித்த ஒரே வலது கைக் குத்தில் பக்கியாவோ முகம் குப்புற விழுந்து, எழுந்து, மறுபடி ஜெயிக்கவும் தொடங்கிவிட்டார். மேவெதருக்கு 38 வயது, இவருக்கு 36. நல்ல வயதில் மோதவிடாமல், ஆறிய சோற்றைத்தான் பரிமாறினார்கள்.

அந்தச் சமயம்தான் பெரிஸ்கோப் செயலி புதிதாக வந்திருந்தது. டிவி முன்னால் போனைப் பிடித்து ஊருக்கெல்லாம் இலவசமாகக் காட்டினார்கள். அப்படியும் அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் பிபிவி (ஒரு சண்டைக்கென்று தனிக் கட்டணம் கட்டி டிவியில் பார்ப்பது) விற்றது. விலை 90 முதல் 100 டாலர். அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. மக்கள் உண்மையாகவே பார்க்க விரும்பும் சண்டையைத் திருட்டால் வீழ்த்த முடியவில்லை என்பதுதான் இதில் எனக்குத் தெரிவது. ஆனால் அந்த இரவில் நடந்த 12 ரவுண்டு தழுவலும் ஓட்டமும், முதன்முறையாகக் காசு கொடுத்துப் பார்த்த எத்தனை பேரைத் திரும்பி வராமல் செய்திருக்கும்?

#2 கட்மேன்

> மக்கள் உண்மையாகவே பார்க்க விரும்பும் சண்டையைத் திருட்டால் வீழ்த்த முடியவில்லை

மலை உச்சியை மட்டும் அளந்துவிட்டு வெள்ளம் வரவில்லை என்கிறீர்கள். 46 லட்சம் விற்ற இடத்தில் திருட்டு ஒரு கீறல். கீழே இறங்கிப் பாருங்கள்.

பிபிவி பணம் எப்படிப் பிரிகிறது என்று பலருக்கும் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் கிட்டத்தட்ட பாதியை எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். மிச்சத்தில் சேனல், ப்ரோமோட்டர், செலவுகள், கடைசியாக வீரர்கள். முன்னணி வீரருக்கு ஒரு நிச்சயத் தொகை உண்டு. விற்பனை ஒரு எண்ணைத் தாண்டினால் அதற்கு மேல் பங்கு. திருட்டு முதலில் அரிப்பது அந்த மேல் பங்கைத்தான். "ப்ரோமோட்டர் கொள்ளையடிக்கிறான், அதனால் நான் ஓசியில் பார்க்கிறேன்" என்பவர் கை வைப்பது பெரும்பாலும் ரிங்கில் அடி வாங்கியவர் பையில்.

இன்னொன்று. படத்தைத் திருடினாலும் அடுத்த மாதம் அதை வேறு இடத்தில் விற்கலாம். சண்டை அப்படியில்லை. முடிவு தெரிந்த மறு நிமிடமே அதன் விலை போய்விடும். நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பி, அந்தத் தளத்தில் யாரோ அதைப் படித்து, லிங்க்கை எடுப்பதற்குள் எட்டாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கும். 2017 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் டேனி கிரீன், அந்தோணி மண்டைன் இரண்டாவது முறை மோதியபோது, பணம் கட்டிய ஒருவர் தன் டிவியை அப்படியே ஃபேஸ்புக் லைவில் போட்டார். லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் குவிந்தார்கள். சேனல்காரர்கள் அவருக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்ல, அந்த வாக்குவாதமும் நேரலையில் போனது. சட்டம், நோட்டீஸ் எல்லாம் இருந்தும் அவர்களால் முடிந்தது ஒரு போன் கால்தான்.

#3 இலவசப்_பயணி

அண்ணே, 90 டாலர் கட்டி உட்கார்ந்தவுடன் முதல் ரவுண்டிலேயே ஆள் மல்லாந்தால் பாதிக் காசு திரும்ப வருமா?

#4 பழைய_டேப்

வராது தம்பி. 1988-ல் டைசன் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் முடித்தார். அதற்குக் காசு கொடுத்தவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீண்ட சண்டைக்குக் கொடுத்த காசுதான் சில நேரம் எரிச்சலைத் தருகிறது. மேவெதர், பக்கியாவோ சண்டை முடிந்ததும் பக்கியாவோவுக்குத் தோளில் காயம் என்று தெரிந்ததே, அதை மறைத்து விற்றார்கள் என்று ரசிகர்கள் வழக்கே போட்டார்கள். 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சண்டை பார்க்கக் காசு கொடுத்தீர்கள், சண்டை நடந்தது, அவ்வளவுதான் என்பது அதன் சாரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் பிபிவி இருப்பதை இயல்பாக எடுத்துக்கொண்டு வாதம் செய்கிறீர்கள். எனக்குக் கோளாறு அங்கேதான் தெரிகிறது.

1978 செப்டம்பரில் அலி, லியான் ஸ்பிங்ஸ் இரண்டாவது சண்டை ஏபிசி சேனலில் இலவசம். அமெரிக்காவில் சுமார் 9 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். 1985 ஜூனில் லண்டன் லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் பாரி மெக்கிகன் பெட்ரோசாவை வென்றபோது பிபிசியில் கிட்டத்தட்ட 2 கோடிப் பேர். குத்துச்சண்டையே பிடிக்காத வீட்டிலும் மெக்கிகன் பெயர் தெரியும். நட்சத்திரம் அப்படித்தான் உருவானது. இலவச டிவியில் உருவாக்கு, பிறகு காசுக்கு விற்றுக்கொள். இந்த வரிசையில் முதல் பாதியை வெட்டிவிட்டார்கள்.

1982-ல் மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டுச் சரிந்ததை சிபிஎஸ் நேரலையில் பார்த்தவர்கள் உண்டு, சில நாளில் அவர் இறந்தார். அதற்குப் பிறகு 15 ரவுண்டு 12 ஆனது. இலவசச் சேனல்களும் மெல்ல மெல்ல ஒதுங்கின. அந்த இடத்துக்கு எச்பிஓ, ஷோடைம் என்ற சந்தாச் சேனல்கள் வந்தன. பிரிட்டனில் 1996 மார்ச்சில் புரூனோ, டைசன் இரண்டாவது சண்டையோடு பிபிவி நுழைந்தது. 1973-ல் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃப்ரேஸியரைத் தரையில் ஆறு முறை உருட்டியதிலிருந்து தொடங்கிய எச்பிஓ, 2018-ல் கடையை மூடியது. ஷோடைம் 2023 கடைசியில் போனது. ஒவ்வொரு முறையும் பார்வையாளர் கூட்டம் சிறிதானது, மிச்சம் இருப்பவர்களிடம் கேட்கும் தொகை பெரிதானது. ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு ஹெவிவெயிட் சாம்பியன் யார் என்றே தெரியாது. தெரியாத ஆளுக்கு 80 டாலர் யார் கொடுப்பார்கள்? லிங்க் தேடுகிறவனாவது பார்க்க ஆசைப்படுகிறான். தேடவே தேடாதவனைப் பற்றித்தான் ப்ரோமோட்டர்கள் பயப்பட வேண்டும்.

#5 ஸ்கோர்கார்டு_115

பழைய_டேப் ஐயா, இலவச டிவியைக் கொஞ்சம் அதிகமாகவே புகழ்கிறீர்கள். 1950களில் அமெரிக்காவில் வாரத்தில் பல நாள் டிவியில் சண்டை. விளைவு என்ன? வீட்டில் ஓசியில் பார்க்கலாம் என்றதும் சின்னச் சின்ன அரங்குகள் வரிசையாக மூடின. அங்கே நாலு வருடம் அடிபட்டுத் தேற வேண்டிய பையன்களை, டிவிக்கு ஆள் தேவை என்று அவசரமாக மேலே தூக்கினார்கள். மேலே யார் உட்கார்ந்திருந்தது? ஜேம்ஸ் நாரிஸின் ஐபிசி என்ற ப்ரோமோஷன் நிறுவனம், பின்னால் நிழலாக ஃபிராங்கி கார்போ என்ற கும்பல் ஆள். ஏகபோகம் என்று சொல்லி ஐபிசியைப் பிரிக்கும் உத்தரவை 1959-ல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. 1961-ல் கார்போவுக்கு 25 வருடச் சிறை.

ப்ரோமோட்டர் கோளாறு இணையத்துக்கு முன்னாலேயே இருந்தது என்பதற்கும் இதுதான் சாட்சி. இலவசமாகக் கொடுத்தாலே விளையாட்டு செழிக்கும் என்பது பொய் என்பதற்கும் இதுதான் சாட்சி.

ஆனால் நான் குறை சொல்ல வந்தது ரசிகர்களை. அந்தப் பூஜ்ய வெறி! தோல்வி எண்ணிக்கையில் 0 இல்லாவிட்டால் ஆள் குப்பை. ஒரு தோல்வி வந்தால் "அம்பலமாகிவிட்டான்", இரண்டு வந்தால் "ஓய்வு எடு". சுகர் ரே ராபின்சனைப் பாருங்கள். 1943 பிப்ரவரி 5 அன்று லமோட்டாவிடம் வாழ்க்கையின் முதல் தோல்வி. அதே மாதம் 19-ஆம் தேதி வேறொருவரோடு சண்டை, வெற்றி. 26-ஆம் தேதி மறுபடி லமோட்டா, வெற்றி. மூன்றும் ஒரே மாதம்! இன்றைக்கு அதே நிலைமை வந்தால் ஒரு வருடம் ஒதுங்கியிருந்து, பயிற்சியாளரை மாற்றி, ஊர் பேர் தெரியாத இருவரை அடித்துவிட்டு, அப்புறம்தான் ரீமேட்ச் பற்றி வாயே திறப்பார்கள். ஏன்? தோற்றால் நாம் கிழிக்கிறோம், அதனால் மதிப்பு விழுகிறது, அதனால் மேனேஜர் ஆபத்தில்லாத எதிராளியைத் தேடுகிறார். பிறகு நாமே "பயந்து ஓடுகிறான்" என்று எழுதுகிறோம்.

திறமையைப் பார்க்கவும் நமக்குப் பொறுமை இல்லை. 2013-ல் ரிகோண்டோ டொனேரைப் பாடம் எடுப்பதுபோல் வென்றார். பரிசு என்ன? சலிப்பான ஆள் என்ற பட்டம். சேனலும் அவரை ஒதுக்கியது, ப்ரோமோட்டரும் கைவிட்டார்.

#6 பத்தாவது_ரவுண்டு

> தோற்றால் நாம் கிழிக்கிறோம், அதனால் மதிப்பு விழுகிறது

அந்தப் பூஜ்யத்தைக் கொண்டாடச் சொல்லிக்கொடுத்தது யார்? 2017-ல் மேவெதர் தன் 50-ஆவது வெற்றிக்காக யாரைத் தேர்ந்தெடுத்தார்? அதுவரை ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டையும் ஆடாத மெக்கிரகரை. அதை 43 லட்சம் பிபிவிக்கு விற்றவர்கள், ராக்கி மார்சியானோவின் 49-0 முறிகிறது என்று முரசு கொட்டினார்கள். ரசிகன் அந்தக் கணக்கைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. லோமசென்கோ தன் இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே சலீடோவிடம் தோற்றார், 2014-ல். மூன்றாவது சண்டையில் உலக சாம்பியன். அந்தத் தோல்வியை வைத்து அவரை யாரும் ஒதுக்கவில்லை. நல்ல எதிராளியோடு தோற்றால் ரசிகன் மன்னிப்பான். மன்னிக்காதது அந்தத் தோல்வியை வைத்துச் சம்பளம் பேசும் மேஜைதான்.

#7 நெறியாளர்

இந்த இழையிலேயே இரண்டு பேர் லிங்க் கேட்டுப் பதிவிட்டிருந்தார்கள், நீக்கியிருக்கிறேன். தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டீர்களா, படிக்காமல் கேட்டீர்களா என்று தெரியவில்லை.

#8 மூலை_இருக்கை

விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சிதறலைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு விலையைவிட அதுதான் தலைவலி.

2018-ல் டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் சேவை அமெரிக்காவுக்குள் வந்தபோது பிபிவி செத்துவிட்டது என்றுதான் விளம்பரமே. மாதச் சந்தா கட்டினால் போதும் என்றார்கள். மெக்சிகோ நட்சத்திரம் கனேலோவுக்கு 11 சண்டைக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டே வருடத்தில் அது வழக்கில் போய் முறிந்தது. 2022-ல் கனேலோ, பிவோல் சண்டை வந்தபோது அதே டாசோன் அதையே பிபிவியாக விற்றது. சந்தா கட்டியவர்களிடமும் தனியாக 59.99 டாலர். நம்பிச் சந்தா கட்டியவனுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்?

டாப் ரேங்க் என்ற ப்ரோமோஷன் பக்கம் போனால் ஈஎஸ்பிஎன் சேனல், அந்த ஒப்பந்தமும் 2025-ல் முடிந்தது. பிரீமியர் பாக்சிங் சாம்பியன்ஸ் என்ற ப்ரோமோஷன் ஷோடைமிலிருந்து அமேசான் போனது. இப்போது நெட்ஃபிளிக்ஸ் வேறு. ஒரே எடைப் பிரிவின் நான்கு முன்னணி வீரர்களைப் பார்க்க மூன்று கணக்கு வேண்டும். திருட்டுத் தளத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கிறது. அவர்கள் நம்மைக் கவர்வது இலவசத்தால் மட்டுமில்லை, அந்த ஒழுங்காலும்தான். இசைத்துறையில் திருட்டு குறைந்தது, எல்லாப் பாடலும் ஒரே இடத்தில் நியாயமான சந்தாவுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான்.

ஒன்றுசேர்ந்தால் விற்கும் என்பதற்கு 2023 ஏப்ரல் சாட்சி. ஜெர்வான்டா டேவிஸ் ஷோடைம் பக்கம், ரயன் கார்சியா டாசோன் பக்கம். இரண்டு பக்கமும் இறங்கி வந்து இருவரையும் 20களில் இருக்கும்போதே மோதவிட்டார்கள். 84.99 டாலர் விலையிலும் 12 லட்சம் விற்றது.

#9 கட்மேன்

> அவர்கள் நம்மைக் கவர்வது இலவசத்தால் மட்டுமில்லை

இசைக் கணக்கு இங்கே பொருந்தாது. பாடகர் ஒரு பாட்டை லட்சம் முறை விற்கலாம். வீரருக்கு வருடத்தில் இரண்டு சண்டை, மூளையும் கண்ணும் தாங்கும்வரைதான் தொழில். சந்தாப் பணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டச் சொல்லி யாராவது கேட்டதுண்டா? பிபிவியில் குறைந்தபட்சம் எத்தனை விற்றது என்று ஒரு எண்ணாவது இருக்கிறது.

சின்ன நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இழை முழுக்க லாஸ் வேகஸிலேயே சுற்றுகிறது. பிரிட்டனின் சிறு அரங்குகளில் புதிய வீரர் தன் டிக்கெட்டைத் தானே விற்க வேண்டும். நண்பர்கள், உறவினர்கள், ஜிம்மில் கூட இருப்பவர்கள் என்று எல்லோரிடமும் போய் விற்பார். அந்த விற்பனையிலிருந்துதான் அவருக்குச் சம்பளம், எதிராளியின் சம்பளமும் பல நேரம் அதிலிருந்துதான். நாலு ரவுண்டு ஜெயித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு.

எதிர் மூலையில் நிற்பவர் யார் தெரியுமா? ஜர்னிமேன். பீட்டர் பக்லி 300 சண்டை ஆடினார், அதில் 256 தோல்வி. கிறிஸ்டியன் லெயிட் அதே 300, 279 தோல்வி. இவர்கள் மோசமான வீரர்கள் இல்லை. அடி வாங்காமல் தோற்பது எப்படி, கண் கிழியாமல் அடுத்த வாரமும் வந்து நிற்பது எப்படி என்று கரைத்துக் குடித்தவர்கள். வெட்டுக்காயம் பட்டால் சில வாரம் வருமானம் போய்விடும் என்பதால் ஜெயிப்பதைவிடத் தப்பிப்பது முக்கியம். நாளைய சாம்பியன்கள் எல்லோரும் இவர்களிடம்தான் பாலபாடம் படித்தார்கள். பக்லி தன் 300-ஆவது சண்டையை ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார், அது தனிச் சந்தோஷம்.

இந்த மாதிரி நிகழ்ச்சியை இப்போது குறைந்த கட்டணத்தில் ஸ்ட்ரீம் செய்து கொஞ்சம் கூடுதல் காசு பார்க்கிறார்கள். அதையும் யாராவது திருடிப் போட்டால், அங்கே சில நூறு பேர் இழப்பே பெரிய இழப்பு. பெரிய ப்ரோமோட்டர் அழுகையை நீங்கள் கிண்டல் செய்யலாம், நானும் செய்வேன். ஆனால் பழக்கம் ஒன்றுதான். கனேலோ சண்டைக்கு லிங்க் தேடிப் பழகிய கை, சிறு அரங்கு நிகழ்ச்சிக்கு மட்டும் பர்ஸைத் திறக்காது.

#10 இலவசப்_பயணி

300 சண்டையில் 279 தோல்வியா! இவரைப் பற்றித் தனி இழை போடுங்கள் அண்ணே.

#11 நடுவர்_எண்ணுகிறார்

சாம்பியன் பட்டம் கொடுக்கும் பெல்ட் அமைப்புகளை யாரும் தொடவே இல்லை. ஆச்சரியம்.

17 எடைப் பிரிவு. ஒவ்வொன்றிலும் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு பெல்ட். அது போதாதென்று டபிள்யூபிஏ-வில் "சூப்பர்" சாம்பியன் தனி, "ரெகுலர்" சாம்பியன் தனி, மற்றவர்கள் இடைக்கால சாம்பியன் என்று ஒட்டுப்போடுவார்கள். ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரர் சம்பளத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் கட்டணம். அதிக பெல்ட், அதிக கட்டணம். அவர்களுக்கு ஒரே சாம்பியன் வேண்டும் என்று ஏன் தோன்றும்?

2024 மே 18, ரியாத். உசிக் ஃபியூரியை வென்று, 1999-ல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பெல்ட்டும் வைத்திருக்கும் முதல் ஹெவிவெயிட் ஆனார். கால் நூற்றாண்டுக் காத்திருப்பு. அடுத்த மாதமே ஐபிஎஃப் பெல்ட் கையை விட்டுப் போனது. ஒப்பந்தப்படி ஃபியூரியோடு ரீமேட்ச் ஆட வேண்டும், ஐபிஎஃப் கட்டாயம் என்று சொல்லும் மாண்டேட்டரி எதிராளியோடும் ஆட வேண்டும், இரண்டும் முடியாது. புதிதாக வந்த ஒரு பார்வையாளருக்கு இதை விளக்கிப் பாருங்கள். பாதியில் எழுந்து போய்விடுவார்.

அந்தச் சண்டையே சவூதிப் பணம் இல்லாவிட்டால் நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பிரிட்டிஷ் ப்ரோமோட்டர்கள் வாரனும் ஹெர்னும் ரியாத்தில் ஒரே மேடையில் நின்று, உன் ஐந்து பேர், என் ஐந்து பேர் என்று மோதவிட்டார்கள். பெட்டர்பியேவ், பிவோல் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை மோதினார்கள், ஒருவருக்கு ஒன்று. இதெல்லாம் இனிப்புத்தான். ஆனால் ஒரே கை பணம் கொடுக்கிறது, ஒரே கை யார் யாரோடு மோத வேண்டும் என்று சொல்கிறது, 2024-ல் தி ரிங் பத்திரிகையையும் அதே கை வாங்கிவிட்டது. அந்தக் கை ஒருநாள் சலித்துப்போய் எழுந்தால், இந்தச் சம்பளத்துக்குப் பழகிய வீரர்கள் பழைய விலைக்குத் திரும்புவார்களா?

#12 ஸ்கோர்கார்டு_115

ரிங்கில் நடப்பதைத் தொலைக்காட்சி நிறுவனம் முடிவுசெய்தால் இதைவிட மோசம். 2024 நவம்பரில் ஜேக் பால், டைசன். டைசனுக்கு 58 வயது, இரண்டு நிமிட ரவுண்டு, பெரிய கையுறை. 6 கோடி வீடுகளில் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் சொன்னது. பாதி நேரம் திரையில் பஃபரிங் வட்டம் சுற்றியது வேறு கதை, அதற்கும் ஃப்ளோரிடாவில் ஒருவர் வழக்குப் போட்டார். அன்றைய உண்மையான சண்டை கேட்டி டெய்லர், அமான்டா செரானோ. இரத்தம் வழிய 10 ரவுண்டு. அதைப் பற்றி மறுநாள் எத்தனை பேர் பேசினார்கள்?

#13 பழைய_டேப்

> அதைப் பற்றி மறுநாள் எத்தனை பேர் பேசினார்கள்?

நிறையப் பேர். நான் சொல்ல வருவதும் அதுதான். அந்த இரண்டு பெண்களையும் வாழ்நாளில் பார்த்திராத கோடிக்கணக்கானோர், டைசனுக்காகக் காத்திருந்த நேரத்தில் பார்த்தார்கள். 2025 செப்டம்பரில் கனேலோ, கிராஃபோர்டு சண்டை அதே நெட்ஃபிளிக்ஸில் தனிக் கட்டணம் இல்லாமல் வந்தது. அரங்கில் 70,000-க்கு மேல் கூட்டம், உலகெங்கும் 4 கோடிக்கு மேல் பார்வையாளர்கள். கிராஃபோர்டு இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர் என்று நாம் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தோம். ஊருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான், அவருக்கு 37 வயது முடியும் நேரத்தில்.

#14 மூலை_இருக்கை

அந்தச் சண்டையை நடத்தியதில் யூஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் நிறுவனம்) ஆட்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். இப்போது "யூஎஃப்சி மாதிரி ஒரே நிறுவனம், ஒரே பெல்ட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பலர் எழுதுகிறார்கள். பார்வையாளருக்குச் சரியாகலாம். வீரருக்கு? யூஎஃப்சி மீது வீரர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்படி, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வீரர்களுக்குப் போகவில்லை. 37.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்தார்கள். பெரிய குத்துச்சண்டையில் முன்னணி இருவர் பாதிக்கு மேல் வாங்குவது சாதாரணம்.

2000-ஆம் ஆண்டு வந்த முகமது அலி சட்டம், ப்ரோமோட்டரே மேனேஜராகவும் இருக்கக் கூடாது, ஒரு சண்டையில் எவ்வளவு வசூலிக்கிறார் என்பதை வீரருக்குக் காட்ட வேண்டும் என்கிறது. டைசன் தன் முன்னாள் ப்ரோமோட்டர் டான் கிங் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, கடைசியில் 1.4 கோடிக்கு முடித்துக்கொண்டதை நினைத்தால் அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று புரியும். 2025-ல் அதைத் திருத்த ஒரு மசோதா வந்தது. தரவரிசை, பட்டம், சண்டை ஏற்பாடு எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் நடத்த வழி செய்யும் மசோதா. குழப்பம் தீரும், சரி. ஸ்கோர்கார்டு_115 சொன்ன ஐபிசி மாதிரி, 1959-ல் பிரித்ததைத் திரும்ப ஒட்டுகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

#15 பத்தாவது_ரவுண்டு

நல்ல புள்ளி. என் வரிசையை மாற்ற மாட்டேன், ஆனால் ப்ரோமோட்டரை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

கட்மேன் சொன்ன சிறு அரங்குகளுக்கு ஒரு யோசனை. பெரிய கார்டின் (ஒரே இரவில் நடக்கும் சண்டைகளின் வரிசை) ஆரம்பச் சண்டைகளை யூடியூபில் இலவசமாகப் போடுகிறார்கள் அல்லவா, அதைத் தயங்காமல் முழுசாகச் செய்யலாம். தலைப்புச் சண்டைக்கு மட்டும் நியாயமான விலை. முழுச் சண்டையையும் இரண்டு நாளில் இலவசமாக ஏற்றிவிடலாம், அதற்குள் அதன் விலைதான் போய்விட்டதே. துண்டு வீடியோவில் நாக்-அவுட் மட்டும் பார்த்து வளர்கிறவனுக்கு, ஒரு ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) எப்படி ஆறு ரவுண்டுக்குப் பிறகு அந்த நாக்-அவுட்டாக மாறியது என்று காட்டினால்தான் அடுத்த முறை காசு கொடுப்பான்.

#16 இலவசப்_பயணி

விலை 25 டாலர் மாதிரி இருந்தால் நான் வாங்குவேன். 80, 90 என்றால் மன்னிக்கவும்.

#17 கட்மேன்

2025 பிப்ரவரி, பிவோல், பெட்டர்பியேவ் இரண்டாவது சண்டை. அமெரிக்காவில் 25.99 டாலர்தான். அன்றைய கார்டு மாதிரி ஒன்று பல வருடமாக வந்ததில்லை. வாங்கினீர்களா தம்பி?

#18 இலவசப்_பயணி

லிங்க் ஏற்கெனவே கையில் இருந்தது அண்ணே.

#19 பத்தாவது_ரவுண்டு

பத்து வருடம் 90 டாலர் கேட்டுப் பழக்கிவிட்டு, ஒருநாள் 26 கேட்டால் உடனே திரும்பி வந்துவிடுவானா? இரண்டு வருடம் அதே விலையில் நிறுத்திப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

#20 கட்மேன்

அந்த இரண்டு வருடம் நாலு ரவுண்டு பையனுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

#21 நெறியாளர்

கனேலோ, கோலோவ்கின் முதல் சண்டையின் 118-110 ஸ்கோரைப் பற்றி மூன்று பேர் தொடங்கிவிட்டீர்கள். அந்தப் பதிவுகளை ஜட்ஜ்கள் இழைக்கு நகர்த்திவிட்டேன். ஜர்னிமேன்களுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், கட்மேன் முதல் பதிவு போடவும்.